சோபாவுக்கு முன் சேசிஸைப் பாருங்கள்

மோட்டார் ஹோம் விற்கும் இடத்தில் விற்பனையாளர் நம்மை முதலில் வண்டியின் வீட்டுப் பகுதிக்குள்தான் அழைத்துப் போவார். பொத்தானை அழுத்தினால் சுவர் வெளியே நகர்ந்து கூடம் அகலமாகும். பெரிய ஃபிரிட்ஜ், தோல் சோபா, தனிப் படுக்கையறை என்று பார்த்ததும் குடும்பம் முடிவெடுத்துவிடும். வாங்க வந்தவர் உள்ளே போகும் முன் கதவருகில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்க வேண்டும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு எடைக்கு மேல் போகக் கூடாது என்று அதில் ஓர் எண் இருக்கும். தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் அதில் எவ்வளவு கழியும் என்பதும் இருக்கும். நூறு கேலன் தொட்டி என்றால் தண்ணீர் மட்டுமே சுமார் 378 கிலோ. அதோடு நான்கு பேர், துணிமணி, பாத்திரம், சைக்கிள்கள் எல்லாம் ஏற வேண்டும். அங்கேயே நின்று கூட்டிக் கழித்துப் பாருங்கள். பளபளப்பான பல வண்டிகள் அந்தக் கணக்கிலேயே அடிபட்டுப் போகும்.

அமெரிக்காவில் ‘சூப்பர் சி’ என்ற பெயரில் விற்கும் டீசல் வண்டிகளின் பலமே இந்தக் கணக்கில்தான் தெரியும். ஃபிரைட்லைனர் போன்ற லாரி நிறுவனம் கேபினோடு சேசிஸைக் கொடுக்கும். மோட்டார் ஹோம் தொழிலின் தலைநகரமான இண்டியானா மாநிலத்து எல்கார்ட் வட்டாரத்தில் அதன்மேல் வீட்டைக் கட்டுவார்கள். நாமக்கல்லில் சேசிஸை ஓட்டி வந்து பாடி கட்டுவது போன்ற ஏற்பாடுதான். சாதாரண ‘சி’ ரக வண்டிகள் பலவற்றுக்கு அடியில் இருக்கும் ஃபோர்டு ஈ-450 சேசிஸின் மொத்த எடை வரம்பு 14,500 பவுண்டு, அதாவது ஆறரை டன். ஃபோர்டு எஃப்-550 சேசிஸுக்கு 19,500 பவுண்டு. ஃபிரைட்லைனர் எம்2 106 சேசிஸில் கட்டியவை 26,000 பவுண்டைத் தாண்டி 33,000 வரை, ஏறக்குறைய 15 டன் வரை போகும்.

எஞ்சினை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ராம் 5500 சேசிஸிலும் கம்மின்ஸ் 6.7 லிட்டர் எஞ்சின் இருக்கிறது. எம்2 சேசிஸிலும் கம்மின்ஸ் 6.7 லிட்டர் கிடைக்கிறது. விளம்பரத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கீழே குனிந்து பார்த்தால் ஒன்றில் 19.5 அங்குலச் சக்கரம், மற்றதில் 22.5 அங்குலம். அச்சும் பிரேக்கும் வேறு. பாரம் தாங்குவது அவைதான்.

நான் ஓட்டிப் பார்த்தது எம்2 106 வண்டி. கம்மின்ஸ் எல்9 எஞ்சின், அலிசன் 3000 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஏர் பிரேக். கார் ஓட்டிப் பழகியவர் கியர் பட்டன்களில் ‘பி’யைத் தேடுவார், அது இருக்காது. நியூட்ரலில் போட்டு, டேஷ்போர்டில் இருக்கும் மஞ்சள் குமிழை இழுக்க வேண்டும். ‘புஸ்’ என்று காற்று வெளியேறி ஸ்பிரிங் பிரேக் பிடித்துக்கொள்ளும். காலையில் கிளம்பும்போது காற்றழுத்த முள் நூறைத் தாண்டும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு எஞ்சினை அணைத்து, சாவியை ஆன் நிலையில் வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஸ்பிரிங் பிரேக்கை விடுவித்து, பெடலை மிதித்து மிதித்து அழுத்தத்தை இறக்கிப் பார்க்க வேண்டும். முள் 60-ஐ நெருங்கும்போது எச்சரிக்கை ஒலிக்கும்; இன்னும் இறக்கினால் குமிழ் தானாகவே வெளியே தள்ளப்படும். சில நிமிட வேலைதான். லாரி ஓட்டுநர்களுக்கு இது அன்றாடப் பழக்கம். பதினைந்து டன்னில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலை இறங்குபவர் இதைச் செய்யாமல் வண்டியை எடுக்கவே கூடாது.

கொலராடோவின் ஐ-70 நெடுஞ்சாலையில், 11,158 அடி உயரத்தில் இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கப் பாதைக்கு ஏறி இறங்குபவர்களுக்கு இந்த ரகத்தின் அருமை விளங்கும். காற்று மெலிந்த உயரத்தில் சாதாரண பெட்ரோல் எஞ்சின் திணறும். டர்போ டீசல் அவ்வளவாகச் சோர்வதில்லை. ஏற்றத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இறக்கம். சுரங்கம் தாண்டி மேற்கே இறங்கும் சாலை 7 சதவீதச் சரிவு. எஞ்சின் பிரேக்கைப் போட்டால் அலிசன் தானே கியரைக் குறைத்து வண்டியைப் பிடித்து நிறுத்தி இறக்குகிறது. பிரேக் பெடலை எப்போதாவதுதான் தொட வேண்டும், டிரம் சூடேறாது. இந்த ஒன்றுக்காகவே கூடுதல் விலை கொடுக்கலாம் என்பேன்.

எஞ்சின் முன்னால் இருப்பதால் சத்தம் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் பானட்டை முன்பக்கம் சாய்த்தால் ஆயில், பெல்ட், கூலன்ட் எல்லாம் தரையில் நின்றபடியே கைக்கு எட்டுகின்றன. முன்சக்கரம் நன்றாகத் திரும்புவதால் வளைவுகளில் நீளம் பயமுறுத்தவில்லை. கவனிக்க வேண்டியது வால் பக்கம். பின் அச்சுக்கு அப்பால் நீளும் பகுதி, திரும்பும்போது எதிர்ப்பக்கம் வீசும். பெட்ரோல் பங்க் தூண்கள் அங்கேதான் இருக்கும். அந்தப் பகுதியில் அளவுக்கு மேல் சாமான் அடுக்கினால் முன் அச்சின் பாரம் குறைந்து ஸ்டியரிங் பிடிமானம் தளரும்.

நீளத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. மொண்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் ‘கோயிங் டு தி சன்’ மலைச்சாலையின் உயரமான பகுதிக்குள் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதியில்லை. அதனால் பின்னால் ஒரு சிறிய காரை இழுத்துப் போவது நடைமுறை. இழுவைத்திறன் வேண்டுபவர் கொக்கியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், வண்டியும் காரும் சேர்ந்த மொத்த எடை வரம்பையும் பார்க்க வேண்டும்.

இருவர் மட்டும் போகிறார்கள், கார் இழுக்கப்போவதில்லை, மண் சாலையிலும் போக ஆசை என்றால் ஃபோர்வீல் டிரைவ் கொண்ட ராம் 5500 வண்டியே போதும். பிள்ளைகளோடு மாதக்கணக்கில் சுற்றுபவர்களுக்கு எம்2தான் என் சிபாரிசு. எதை வாங்கினாலும் ஏசிக்காக இரவெல்லாம் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையைப் பிடிக்கும் ஃபில்டர் கரியால் அடைத்துக்கொள்ளும். ஏசிக்கு ஜெனரேட்டர் இருக்கிறது.

பழைய வண்டி என்றால் ஓடிய மைல் குறைவு என்பதில் மயங்க வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ன் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் நின்றே கிடந்த ரப்பர் விரிசல் விட்டிருக்கும். முன் டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆறு டயர்களின் விலையையும் பேரத்தில் வையுங்கள். பணம் கொடுக்கும் முன் வண்டியை லாரி நிறுத்தத்தில் இருக்கும் எடைமேடைக்கு ஓட்டச் சொல்லுங்கள்; முன் அச்சின் எடையையும் பின் அச்சின் எடையையும் தனித்தனியாகக் காட்டும் சீட்டு கிடைக்கும். வர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

உரிமத்தையும் அன்றே விசாரித்துவிட வேண்டும். டெக்சாஸில் 26,000 பவுண்டைத் தாண்டிய மோட்டார் ஹோமுக்கு வணிகம் சாராத ‘பி’ வகுப்பு உரிமம் தேவை. கலிபோர்னியா பார்ப்பது நீளத்தை: 40 அடியைத் தாண்டினால் அங்கும் ‘பி’ வகுப்புதான்.