நிற்கத் தெரிந்த வாத்தியக் குழு

திருச்சானூர் கார்த்திகைப் பிரம்மோற்சவத்தின் ஐந்தாம் நாள் இரவு கஜ வாகனம். திருமலைக்குக் கருட சேவை எப்படியோ, அலமேலுமங்கைத் தாயாருக்கு யானை வாகனம் அப்படி. கோலாட்டக்காரர்களும் பஜனைக் கோஷ்டிகளும் முன்னே போக, மாட வீதியின் மூலையில் வாகனம் ஆரத்திக்காக நின்றது. தவில் வகையான டோல் அடங்கியது. சன்னாயிக்காரர், அதாவது நாதஸ்வரக்காரர், மட்டும் தோடியின் காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டார். விடவும் இல்லை, மேலே போகவும் இல்லை. அதிலேயே அசைந்துகொண்டு நின்றார். ஒரு நிமிடம் இருக்கும். அதுவரை கோவிந்தா போட்டுக்கொண்டிருந்த கூட்டம் பேச்சை நிறுத்திக் கேட்டது. பிறகு டோலில் ஒரு தட்டு விழுந்தது, வாகனம் நகர்ந்தது.

அந்த ஒரு நிமிடத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் இந்த வாரம் இஸ்பானிய இசையை அலசப் போகிறேன். அமெரிக்காவில் ஆண்டுதோறும் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை இஸ்பானியப் பாரம்பரிய மாதம். 1968இல் ஒரு வாரமாகத் தொடங்கி, 1988இல் ஒரு மாதமாக நீண்டது. இங்கே புரட்டாசிக் கூட்டம் மலையேறுகிற அதே நாட்களில், அங்கே பல பல்கலைக்கழகங்களின் மாணவர் ஆர்க்கெஸ்ட்ராக்கள் விருந்தினர் ஒருவரை அழைத்து, மெக்சிகோ, ஸ்பெயின், கியூபா இசையை மேடையேற்றுகின்றன. நம்மூரில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் கல்யாண வரவேற்பில் சினிமாப் பாட்டு வாசிக்கிற மெல்லிசைக் குழுதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது ஐம்பது, அறுபது பேர் வயலின், செல்லோ, குழல், எக்காளம், முரசு என்று வகைவகையாக உட்கார்ந்து, ஒரு நடத்துநரின் கையசைவுக்கு வாசிக்கும் பெருங்குழுவை.

இந்தக் கச்சேரிகள் பெரும்பாலும் வேகத்தால் கைத்தட்டு வாங்குகின்றன. தாளக் கருவிகள் அதிர, எக்காளங்கள் மின்ன, கேட்பவர்கள் எழுந்து நின்றுவிடுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் ஒரு மாணவர் குழு தேறியதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் வேகத்தைப் பார்ப்பதில்லை. எங்கே நிற்கிறார்கள், எப்படி நிற்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன்.

முதலில் அர்த்துரோ மார்க்கெஸின் டன்சோன் எண் 2. இன்று உலகெங்கும் மாணவர் குழுக்கள் ஆசையோடு எடுத்துக்கொள்ளும் உருப்படி இது. இது பிறந்ததே ஒரு பல்கலைக்கழகத்துக்காகத்தான். மெக்சிகோவின் தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகம் கேட்டுக்கொண்டதால் மார்க்கெஸ் எழுதினார். 1994இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் பில்ஹார்மோனிக் குழுதான், பிரான்சிஸ்கோ சாவின் நடத்த, முதலில் வாசித்தது. 1936இல் தோன்றிய குழு அது. பல்கலைக்கழக வளாகத்திலேயே அதற்கென்று நெசாவல்கோயோட்டல் என்ற அரங்கம் இருக்கிறது. மேடையைச் சுற்றி நாலாபுறமும் ஆட்கள் உட்காரலாம். படிப்பும் ஆராய்ச்சியும் போல இசையையும் ஒரு பல்கலைக்கழகம் தன் கடமையாக எடுத்துக்கொண்டதன் பலன் அந்தப் பத்து நிமிட இசை.

டன்சோன் என்பது கியூபாவில் பிறந்த ஜோடி நடனம். 1879இல் மத்தான்சாஸ் ஊரில் மிகேல் பாயில்தே அரங்கேற்றிய உருப்படியைத்தான் முதல் டன்சோன் என்கிறார்கள். கடல் தாண்டி மெக்சிகோவின் வெராக்ரூஸ் துறைமுகத்தில் இறங்கி, அங்கேயே வேர்விட்டுவிட்டது. இந்த நடனத்தில் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. தொடக்கப் பகுதி திரும்பத் திரும்ப வரும். அது வரும்போதெல்லாம் ஜோடிகள் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். பெண்கள் விசிறிக்கொள்வார்கள், பக்கத்து ஜோடிக்கு வணக்கம் சொல்வார்கள், மூச்சு வாங்கிக்கொள்வார்கள். வாத்தியங்கள் மட்டும் வாசித்துக்கொண்டிருக்கும். அடுத்த பகுதி தொடங்கும் அந்த அட்சரத்தில் காலெடுத்து வைப்பார்கள். இசை ஓடும், உடல் நிற்கும். தாயார் வாகனம் நிற்க, சன்னாயி மட்டும் தொடர்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மார்க்கெஸின் உருப்படியில் தொடக்கம் கிளாரினெட்டுக்கு. கூடவே கிளாவேஸ், அதாவது கையளவு உருளைக் கட்டைகள் இரண்டு, ஒன்றோடொன்று தட்டிக்கொண்டே வரும். பஜனையில் சிப்ளாக்கட்டை செய்கிற வேலைதான். கிளாரினெட் பாடி முடிக்கும் இடத்தில் ஓபோ சேர்ந்துகொள்கிறது. பிறகு பியானோ, வயலின், எக்காளம் என்று தனி வாசிப்பு கைமாறிப் போகிறது. தொடர் ஓட்டத்தில் கட்டையைக் கைமாற்றுவது போல. ஓடுகிறவர் எவ்வளவு வேகமானவர் என்பதைவிடக் கட்டை கீழே விழாமல் மாறுகிறதா என்பதுதான் பந்தயத்தைத் தீர்மானிக்கும். அனுபவம் போதாத குழுக்கள் இங்கேதான் சறுக்குகின்றன. கிளாரினெட் கடைசி சுரத்தை முழுசாகத் தொடுவதற்குள் அடுத்தவர் அவசரமாக நுழைந்துவிடுகிறார். கட்டைத் தாளம் பதற்றத்தில் இழையளவு முந்திவிடுகிறது. அந்த இழையளவு போதும், நடனம் அணிவகுப்பாகிவிடும்.

2007இல் வெனிசுவேலாவின் சிமோன் பொலிவார் இளையோர் ஆர்க்கெஸ்ட்ரா, குஸ்தாவோ துதமேல் நடத்த, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இந்த உருப்படியை எடுத்துப் போனது. அதற்குப் பிறகுதான் இது உலகப் புகழ் பெற்றது. 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய எல் சிஸ்டெமா என்ற இசைக்கல்வி இயக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களுடைய பதிவுகளைக் கேட்டால் முடிவுப் பகுதி தீப்பிடிப்பது தெரியும். நான் அந்தத் தீயை ரசிக்கிறேன். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பது அதற்கு முந்தைய அடங்கிய பகுதியைத்தான். தந்தி வாத்தியங்கள் தணிந்து, வயலின் ஒற்றையாகப் பேசும்போது மொத்தக் குழுவும் அதற்குக் காது கொடுக்கிறது. வாசிக்காமல் இருப்பவர்களும் வாசிக்கிறார்கள் என்று தோன்றும் இடம் அது.

இப்போது தாளக் கணக்குக்கு வருவோம். மிருதங்கமோ டோலோ படிக்கும் நம் மாணவர்கள் இந்த இசையில் அன்னியமாக உணர வேண்டியதே இல்லை. 1941இல் ஹோசே பாப்லோ மோன்கயோ எழுதிய வாபாங்கோ, வெராக்ரூஸ் நாட்டுப்புறப் பாட்டுகளின் மேல் கட்டியது. அதில் ஆறு அட்சரத்தைத் தகிட தகிட என்றும் பிரிக்கிறார்கள், தக தக தக என்றும் பிரிக்கிறார்கள். ஒரு பக்கம் ஒரு பிரிவு ஓட, மறுபக்கம் இன்னொன்று அதன்மேல் ஏறிக்கொள்ளும். ஓரிடத்தில் எக்காளமும் டிராம்போனும் மாறிமாறி வாசிப்பது, அந்த ஊர்ப் பாடகர்கள் எதிரெதிரே நின்று அடி போட்டுப் பாடுவதன் சாயல்.

சில்வெஸ்த்ரே ரெவுவெல்தாஸின் சென்செமாயா இன்னும் நெருக்கம். பாம்பைக் கொல்லும் சடங்கு பற்றிக் கியூபக் கவிஞர் நிக்கொலாஸ் கியேன் எழுதிய கவிதையிலிருந்து பிறந்த இசை. 1938இல் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்காக முழு உருவம் பெற்றது. ஏழு அட்சரச் சுற்று. நம் மிஸ்ர சாபு தகிட தகதிமி என்று மூன்றில் தொடங்கும். ரெவுவெல்தாஸ் தகதிமி தகிட என்று நான்கில் தொடங்குகிறார். சியாமா சாஸ்திரிகள் கையாண்ட விலோம சாபு அதேதான்! அடியாழத்தில் டியூபா தன் சுரங்களை உருட்டத் தொடங்கும்போது, தொடையில் விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேட்டுப் பாருங்கள். ஏழு தானாக வந்து உட்காரும்.

மூன்றாவதாக, விருந்தினர் வரும் இடம். இஸ்பானிய மாலை என்றால் அழைக்கப்படும் தனிக் கலைஞர் பெரும்பாலும் கிட்டார்காரர், உருப்படி ஹோவாகின் ரொத்ரிகோவின் அரான்ஹுவெஸ் கான்செர்ட்டோ. மூன்று வயதில் தொண்டை அடைப்பான் நோயால் பார்வை போய்விட்டது ரொத்ரிகோவுக்கு. இசையைப் பிரெய்லில் எழுதினார். இந்த உருப்படியை 1939இல் பாரிசில் எழுதி முடித்தார். 1940 நவம்பரில் பார்சிலோனாவில் ரெஹினோ சாயின்ஸ் தெ லா மாசா முதலில் வாசித்தார். நடுப்பகுதியின் துயரம், வயிற்றிலேயே போய்விட்ட தங்கள் முதல் குழந்தைக்கானது என்று பின்னாளில் அவர் மனைவி விக்தோரியா காமி எழுதினார்.

கிட்டாரின் குரல் சன்னமானது. வீணைபோல. ஒரே நேரத்தில் இருபது வயலின் எழும்பினால் அது மூழ்கிப் போகும். ரொத்ரிகோ இதை அறிந்தே முரசு வகைகளை ஒதுக்கிவிட்டார். கிட்டார் பேசும் இடங்களில் மற்றவர்களுக்குக் குறைவாகவே கொடுத்தார். ஆக, விருந்தினரைவிடக் குழுவுக்குத்தான் இங்கே பெரிய பரீட்சை. நம் கச்சேரியில் ஒத்திகையே இல்லாமல் பாடகரின் முகத்தைப் பார்த்துப் பின்தொடர்கிற வயலின்காரர் ஒருவர். இங்கே அந்த வேலையை நாற்பது பேர் ஒரே சமயத்தில் செய்தாக வேண்டும். விருந்தினர் ஒரு சுரத்தில் கொஞ்சம் தயங்கினால் நாற்பது பேரும் தயங்க வேண்டும். அது நடக்கிற இரவில், மைக் வைத்தார்களா இல்லையா என்ற கேள்வியே எழாது.

நடுப்பகுதியில் கிட்டார் மெல்லத் தந்திகளை வருடிக்கொண்டிருக்க, கோர் ஆங்லே என்ற மரக்குழல் முதலில் பாடுகிறது. ஓபோவின் தாழ்ந்த குரல் அண்ணன். இரட்டை நாக்குச் சீவாளி வைத்து ஊதும் கருவி, அந்த வகையில் நாதஸ்வரத்துக்குப் பங்காளி. அது பாடிய வரியையே கிட்டார் வாங்கி, சங்கதி சேர்த்துத் திருப்பிச் சொல்கிறது. சீவாளியும் தந்தியும் ஒன்றையொன்று கேட்டுப் பேசும் இந்தப் பேச்சு நம் செவிக்குச் சொந்தப் பேச்சாகவே கேட்கிறது.

அதற்குக் காரணம் உண்டு. ரொத்ரிகோவின் இந்தப் பகுதியைச் சேத்தா என்ற பாட்டோடு தொடர்புபடுத்திச் சொல்வார்கள். ஸ்பெயினின் செவில் நகரில், ஈஸ்டருக்கு முந்தைய வாரம், ஏசுவின் திருவுருவத்தையும் மாதாவின் திருவுருவத்தையும் ஆட்கள் தோளிலும் கழுத்திலும் தாங்கித் தெருத்தெருவாக ஊர்வலம் கொண்டுபோவார்கள். திடீரென்று ஒரு மாடியிலிருந்து யாரோ ஒருவர் துணைவாத்தியம் ஏதுமில்லாமல் பாடத் தொடங்குவார். ஊர்வலம் நின்றுவிடும். தாங்குகிறவர்கள் பாரத்தோடு காத்திருப்பார்கள். பாட்டு முடிந்தபிறகுதான் மாதா நகர்வாள். இதைப் படித்த நாளில் நான் எங்கள் மாட வீதியைத்தான் நினைத்துக்கொண்டேன். அரான்ஹுவெஸின் நடுப்பகுதியை வாசிக்க வரும் எந்தக் குழுவிடமும் நான் எதிர்பார்ப்பது இதுதான்: தோளில் பாரத்தோடு நிற்கிற பொறுமை. மெதுவாக வாசிப்பது வேறு, நிற்பது வேறு. மெதுவாக வாசிப்பவர்களிடம் இசை தொய்யும். நிற்பவர்களிடம் அது கனக்கும்.

ராகத்திலும் உறவு உண்டு. ஸ்பெயினின் தென்பகுதியான அந்தலூசியாவின் பிளமெங்கோ இசைக்கு அடிப்படையான பிரீஜியன் சுர வரிசை, நம் அனுமத்தோடியின் சுரங்களேதான். அவர்கள் இடையிடையே காந்தாரத்தை உயர்த்திக்கொள்வார்கள். உயர்த்தினால் பதினான்காவது மேளமான வகுளாபரணம் கிடைக்கிறது. மகிழம்பூ மாலை அணிந்த நம்மாழ்வாரின் பெயர் அது. தோடிக்கும் வகுளாபரணத்துக்கும் நடுவே அவர்கள் போய்வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. நம் தோடியின் காந்தாரம் அசையும், அந்த அசைவில்தான் ராகமே இருக்கிறது. கிட்டாரின் காந்தாரம் அப்படி அசைவதில்லை. சுரம் ஒன்று என்பதால் ராகம் ஒன்று என்று மேடையில் அறிவித்துவிட்டு இரண்டையும் கலந்து வாசிக்கும் சில முயற்சிகள் என் காதில் ஒட்டாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

திருப்பதியில் இசை படிக்கிற பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. திருச்சானூர்த் தாயாரின் பெயரையே தாங்கி 1983இல் தொடங்கிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தில் இசை சொல்லித்தருகிறார்கள். தேவஸ்தானத்தின் இசை, நடனக் கல்லூரி இருக்கிறது, சன்னாயிக்கும் டோலுக்கும் தனிப் பள்ளியே இருக்கிறது. பல வாத்தியங்கள் சேர்ந்து வாசிப்பதும் நமக்குப் புதிதல்ல. 1952இல் டில்லி வானொலியில் ரவிசங்கரும் டி.கே. ஜெயராம ஐயரும் வாத்ய விருந்தத்தை வளர்த்தார்கள். ஆந்திரத்து வீணை மேதை ஈமனி சங்கர சாஸ்திரியும் பின்னர் அதை நடத்தினார். அதற்கும் முன்பே, சென்னைக் கோட்டை பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு முத்துஸ்வாமி தீட்சிதர் நோட்டு சுவர சாகித்தியங்கள் எழுதினார்.

இந்த ஊர் மாணவர்கள் ஒரு மாலை சேர்ந்து உட்கார்ந்து சென்செமாயாவின் ஏழை டோலில் வாசிக்க வேண்டும், கோர் ஆங்லே வரியைச் சன்னாயியில் எடுக்க வேண்டும், கிட்டார் வரியை வீணையில் வாங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. விருந்தினராக ஒரு கிட்டார்காரர் வரட்டும். ஒத்திகையை மட்டும் அரங்கத்துக்குள் அடைத்துவைக்க வேண்டாம். கஜ வாகனத்தன்று இரவு அவரையும் மாணவர்களையும் மாட வீதி மூலைக்கு அழைத்து வாருங்கள். டோல் அடங்கும் அந்த நேரத்தில் அவர்கள் சன்னாயிக்காரருக்குப் பக்கத்தில் நின்று கேட்கட்டும்.