முதல் மூன்று நிமிடங்கள்

பாடகர் ஒருவரின் வாழ்க்கையைப் படமாக்க முனைவோர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, எதைச் சொல்வது என்பதன்று. எங்கிருந்து தொடங்குவது என்பதே. தொடக்கக் காட்சி பார்ப்போருக்குப் படைப்பாளர் அளிக்கும் வாக்கு. இந்த மனிதரை நாம் இப்படித்தான் பார்க்கப் போகிறோம் என்பதை அவர் முதற்சில நிமிடங்களிலேயே சொல்லிவிடுகிறார். பின்வரும் இரண்டு மணி நேரமும் அந்த வாக்கைக் காப்பதிலோ மீறுவதிலோ கழிகிறது.

காட்சித் தொடர்பியல் பயிலும் மாணவர் மூவர் அண்மையில் நம்மிடம் சில தாள்களைக் கொண்டுவந்தனர். புகழ்பெற்ற பாடகர் ஒருவரைப் பற்றிய படத்திற்கு மூன்று நிமிடத் தொடக்கம் ஒன்றைத் திட்டமிட வேண்டும். இதுவே அவர்களுக்கு இடப்பட்ட பயிற்சி. அவர்கள் தேர்ந்துகொண்டவர் பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃப். மூவரும் ஆளுக்கொரு தொடக்கத்தை எழுதி, கட்டம் கட்டமாகப் படமும் வரைந்திருந்தனர். எது சிறந்தது என்பது அவர்கள் கேள்வி. அன்று மாலை முழுவதும் நாம் அத்தாள்களோடு இருந்தோம். நம்முள் எழுந்த எண்ணங்களை வாசகரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். ஏனெனில் மூன்றாவது தாளில் இருந்த கேள்வி கத்தோலிக்கராகிய நம்மை நேராக நோக்கியது.

எடித் பியாஃபைப் பற்றிச் சில சொற்கள் தேவை. அவர் 1915 டிசம்பர் 19 அன்று பாரிசில் பிறந்தார். தந்தை தெருவில் வித்தை காட்டிய கழைக்கூத்தர். தாய் ஒரு தெருப்பாடகி, மகளை விட்டு அகன்றுவிட்டார். குழந்தை வளர்ந்தது நார்மண்டியில், பெர்னே என்னும் ஊரில், தந்தையின் தாயார் பொறுப்பிலிருந்த விலைமகளிர் இல்லத்தில். பின்னர் தந்தையோடு ஊர் ஊராகச் சென்று தெருக்களில் பாடினார். 1935ஆம் ஆண்டில் அவருடைய ஒரே மகள் இரண்டு வயதில் இறந்தாள். அதே ஆண்டில் லூயி லெப்ளே என்னும் இரவு அரங்க உரிமையாளர் அவரைத் தெருவில் கண்டு மேடையேற்றினார். ‘பியாஃப்’ என்பது அவர் சூட்டிய பெயர். பாரிஸ் பேச்சுவழக்கில் சிட்டுக்குருவி என்று பொருள். உலகறிந்த ‘லா வீ ஆன் ரோஸ்’ பாடலின் சொற்கள் பியாஃப் எழுதியவையே. 1949இல் அவர் நேசித்த குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்தான், அவரைக் காண வரும் வழியில் விமான விபத்தில் மாண்டார். 1963 அக்டோபரில், தம் நாற்பத்தேழாம் வயதில், பியாஃப் இறந்தார்.

முதல் மாணவரின் திட்டம் பெல்வில் தெருவில், 72ஆம் எண் வீட்டு வாயிற்படியில் தொடங்குகிறது. குளிர்கால இரவு, தெருவிளக்கின் மங்கிய ஒளி, படியிலேயே பிரசவ வேதனையுறும் ஒரு பெண், காவலர் ஒருவர் தம் மேலங்கியை விரிக்கிறார், குழந்தையின் முதல் அழுகை. அழகாகவே வரைந்திருந்தார். அந்த வீட்டுச் சுவரில் இன்றும் ஒரு நினைவுக் கல் உள்ளது. இப்படியில்தான் பியாஃப் பிறந்தார் என்று அது சொல்கிறது. ஆனால் பிறப்புப் பதிவேடு சொல்வது வேறு: அவர் பிறந்தது தெனோன் மருத்துவமனையில். இதை மாணவரும் அறிந்திருந்தார். “பதிவேட்டைவிடப் பழங்கதையில் உண்மை அதிகம் இல்லையா?” என்று கேட்டார்.

கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. தெருவிலே வளர்ந்தவர் தெருவிலே பிறந்ததாகச் சொல்லிக்கொள்வதில் ஓர் உட்பொருள் இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் அந்தக் கதைக்குரிய இடம் அதைச் சொன்னவர்களின் வாய். வளர்ந்த பியாஃப் அதைச் சொல்லி மகிழ்வதாகக் காட்டினால் அது அவர் மனத்தைப் பற்றிய உண்மை. காமிராவே அதை நடந்த நிகழ்ச்சியாகக் காட்டினால் அது பொய். முதல் நிமிடத்திலேயே பொய்யுரைத்தவரை, மகளின் சாவைச் சொல்லும்போது பார்ப்போர் எவ்வாறு நம்புவர்?

அதே தாளின் கீழ்ப்பகுதியில் இன்னொரு காட்சியும் இருந்தது. சிறுவயதில் எடித்துக்குக் கண்நோயால் பார்வை மங்கியது. பாட்டியின் இல்லத்துப் பெண்கள் தங்கள் தொழிலை ஒருநாள் நிறுத்திவிட்டு, குழந்தையை லிசியே நகருக்கு, சிறுமலர் தெரேசாவின் கல்லறைக்கு அழைத்துச் சென்றனர். சில நாட்களில் பார்வை திரும்பியது என்பது பியாஃப் வாழ்நாளெல்லாம் நம்பிச் சொன்ன செய்தி. தெரேசாவுக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது 1925இல். இந்தப் பயணமோ அதற்கும் முந்தையது. “கத்தோலிக்கப் பார்வையாளருக்கு இது பிடிக்கும்” என்று ஓரத்தில் குறித்திருந்தார் மாணவர். பிடிக்கும் என்பது மெய்தான். அதனாலேயே நாம் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். மருத்துவச் சிகிச்சையும் அப்போது நடந்தது. புதுமையைச் சான்றுபோல் முகப்பில் நிறுத்தினால், பாடகியின் வாழ்க்கை நம் கட்சிக்கு ஆதாரமாகிவிடும். நம்மை அதில் நெகிழ வைத்தது புதுமையைவிட, அந்தப் பெண்களின் நடைதான். ஊரார் முகம் திருப்பிக்கொள்ளும் மகளிர், தமக்கென எதுவும் கேளாமல், யாரோ ஒருத்தி பெற்ற குழந்தைக்காகக் கல்லறை முன் மண்டியிட்டார்கள் என்ற செய்தி படத்தின் நடுவில், அவர்களை நாம் அறிந்த பின்னர் வருமானால், எத்தனை வலிமை பெறும்!

இரண்டாம் மாணவர் தேர்ந்தது 1959ஆம் ஆண்டு நியூயார்க் மேடை. பியாஃப் பாடுகிறார், குரல் தடுமாறுகிறது, கீழே விழுகிறார், திரை இருள்கிறது. ஒலிவியே தாஆன் இயக்கி, மரியோன் கோத்தியார் நடித்து, 2007இல் வெளிவந்த பியாஃப் படத்தின் தொடக்கத்தை ஒட்டியது இது. அந்நடிப்புக்காகக் கோத்தியார் 2008இல் ஆஸ்கர் விருது பெற்றதை வாசகர் அறிவர். இந்த முறை அப்படத்துக்கு மட்டும் உரியதன்று. ஜானி கேஷைப் பற்றிய ‘வாக் த லைன்’ (2005) 1968ஆம் ஆண்டின் சிறைச்சாலை நிகழ்ச்சியில் தொடங்கிச் சிறுவயதுக்குத் திரும்புகிறது. ‘பொஹீமியன் ராப்சடி’ (2018) 1985இன் மாபெரும் இசைநிகழ்ச்சியை நோக்கி நடக்கும் பாடகரின் முதுகில் தொடங்குகிறது. இந்த வழக்கம் எவ்வளவு பழகிப்போயிற்று என்றால், இதைக் கேலி செய்யவே 2007இல் ‘வாக் ஹார்ட்’ என்றொரு நகைச்சுவைப் படம் வந்தது. மேடையேறுமுன் தம் வாழ்க்கை முழுவதையும் நினைத்துப் பார்க்கவேண்டியவர் அதன் நாயகர்.

பழகிய வழி என்பதற்காகவே ஒன்று குற்றமாகிவிடாது. ஆனால் வீழ்ச்சியில் தொடங்கும் படம், பின்னால் வரும் ஒவ்வொரு நாளையும் அந்த வீழ்ச்சிக்குக் காரணமாக்கிவிடுகிறது. வறுமை ஒரு காரணம், காதல் ஒரு காரணம், மது ஒரு காரணம் என்று கணக்கு எழுதத் தொடங்குகிறோம். பாட்டு எங்கே போயிற்று? கீழே விழுந்த பெண்கள் ஆயிரம் பேர். அவர்களுள் ஒருவரே பியாஃப் ஆனார். அந்த வேறுபாட்டை வீழ்ச்சியினால் விளக்க இயலாது. தாஆனின் படம் காலத்தை முன்பின்னாகக் கலைத்து அடுக்குவதனாலும், கோத்தியாரின் உடலும் கண்களும் ஒவ்வொரு காட்சியையும் தாங்குவதனாலும் இக்குறையை ஓரளவு கடக்கிறது. மூன்றே நிமிடம் உடைய மாணவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒன்றை மட்டும் மனமாரப் பாராட்டினோம்: நிறைந்த அரங்கைக் காட்டப் பணமில்லாததால், பாடகியின் முகத்தில் பாயும் ஒரே விளக்கையும், எதிரே இருளையும், இருமல் ஒலிகளையும் மட்டும் அவர் வரைந்திருந்தார். பணமின்மை அவரை நல்ல கலைஞராக்கியிருந்தது.

மூன்றாம் தாள் ஒரு மாணவியுடையது. அது 1963 அக்டோபர் 14 அன்று தொடங்குகிறது. பாரிஸ் தெருக்களில் பல்லாயிரவர்; போக்குவரத்து நின்றுபோயிற்று; சவப்பெட்டி பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்கிறது. இடையில், மூடிய ஆலயக் கதவு ஒன்று நெடுநேரம் காட்டப்படுகிறது. கதவின்மேல் எழுத்தில் ஒரு கேள்வி: “பாடியே வாழ்ந்தவளுக்கு ஒரு பாடற்பூசை ஏன் இல்லை?”

நடந்தது உண்மை. பியாஃப் விவாகரத்துப் பெற்றபின் 1962இல் மறுமணம் செய்தவர். அதனால் பாரிஸ் பேராயர் அடக்கத் திருப்பலிக்கு இசையவில்லை. அக்காலத்துத் திருச்சபைச் சட்டத்தின் கடுமை 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் பெரிதும் தளர்ந்தது. 2013 அக்டோபரில், அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்தபோது, அவர் பிறந்த பங்காகிய பெல்வில் திருமுழுக்கு யோவான் ஆலயத்தில் அவருக்காக நினைவுத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. சிறுமலரின் பக்தையாகவே இறுதிவரை வாழ்ந்த ஒரு பெண்ணின் சவப்பெட்டி கோவிலுக்குள் வராமல் போனதை எண்ணும்போது, நமக்கும் நெஞ்சு கனக்கிறது. அந்த மாணவியின் சினத்தை அடக்கவேண்டும் என்று நாம் கருதவில்லை. இக்காட்சியைப் படத்திலிருந்து நீக்கச் சொல்வதும் நம் நோக்கமன்று. நீக்கினால், முதல் மாணவரிடம் நாம் கண்டித்த அதே பொய்யைத் திருச்சபையின் பெயரால் நாமே சொன்னவர்களாவோம்.

நம் மறுப்பு வேறு. மூடிய கதவில் தொடங்கும் படம், முதல் நொடியிலேயே ஒரு வழக்கைத் தொடுத்துவிடுகிறது. வழக்கில் பியாஃப் வெறும் சாட்சியாகிறார். வாதி நாம், பிரதிவாதி திருச்சபை. அவருடைய குரல் கேட்குமுன்னரே அவருக்காக நாம் பேசத் தொடங்கிவிடுகிறோம். கதவை மூடியவர்கள் அவரை ஒரு சட்டப் பிரிவாகப் பார்த்தார்கள் என்றால், கதவில் தொடங்கும் நாமும் அவரை ஒரு வழக்காகவே பார்க்கிறோம். அவர் யார் என்பதை அறிந்தபின் அந்தக் கதவைக் கண்டால், கேள்வியை எழுத்தில் போடவேண்டிய தேவையே இராது; பார்ப்போர் தாமே கேட்பார்கள்.

தொடக்கம் பொருளை மாற்றும் என்பதை நாம் பிற இடங்களில் தேட வேண்டியதில்லை. நற்செய்தியாளர் நால்வரும் ஒரே வாழ்வைச் சொல்கின்றனர். மத்தேயு தலைமுறைப் பட்டியலில் தொடங்குகிறார். மாற்கு பாலைநிலத்துக் குரலில். லூக்கா, கவனமாய் ஆய்ந்து எழுதுவதாகச் சொல்லும் முன்னுரையில். யோவான் காலத்துக்கு முந்தைய வாக்கில். தொடக்கம் வேறானதால் அவர்கள் வரைந்த முகமும் வேறு ஒளி பெறுகிறது. ஆனால் நால்வருள் ஒருவரேனும் சிலுவையில் தொடங்கவில்லை. சிலுவையை நோக்கியே அவர்கள் எழுதினர் என்பதை எண்ணினால், இது சிறிய செய்தியன்று.

அப்படியானால் எங்கே தொடங்குவது? மாணவர்கள் நம்மை விடவில்லை. 1935ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், பாரிசின் துரோயோன் தெரு முனையில் தொடங்குங்கள் என்றோம். ஐந்து அடி உயரமும் இல்லாத, பத்தொன்பது வயதுப் பெண் பாடிக்கொண்டிருக்கிறாள். மக்கள் கடந்து போகிறார்கள். ஒருவர் மட்டும் நிற்கிறார். அவர் லெப்ளே. தாஆனின் படத்திலும் இந்நிகழ்ச்சி உண்டு; ழெரார் தெபார்தியூ லெப்ளேயாக நடித்திருக்கிறார். அங்கே அது தொடர்ந்து வரும் நிகழ்ச்சிகளுள் ஒன்று. முகப்பில் வைத்தால் அது வேறொன்றாகிறது: பாடகி பிறப்பது படியிலுமன்று, மருத்துவமனையிலுமன்று, ஒருவர் நின்று கேட்கும்போது.

“குரலுக்கு என்ன செய்வது? அவருடைய இசைத்தட்டைப் பயன்படுத்த உரிமை வாங்க வேண்டுமே” என்றார் இரண்டாம் மாணவர். அந்தக் குரலைக் கேட்கச் செய்யாதீர்கள் என்றோம். பியாஃபின் முதல் இசைத்தட்டு பதிவானது 1935 டிசம்பரில், லெப்ளே அவரைக் கண்ட பின்னர். தெருமுனையில் ஒலித்த குரலை எந்தக் கருவியும் பதிந்துகொள்ளவில்லை. ஆகவே அதை நாம் கேட்க முடியாது என்பதே உண்மை. வண்டிகளின் இரைச்சல், காலடிகள், தகரக் குவளையில் விழும் ஒரு காசு. கடந்து செல்லும் முகங்கள். பிறகு ஒரு முகம் திரும்புகிறது. பாட்டை அந்த முகத்தில் மட்டும் காட்டுங்கள். இதற்குப் பாரிஸ் வேண்டாம்; ஒரு சாம்பல் நிறச் சுவரும், தேய்ந்த ஒரு சோடிக் காலணியும், நல்ல நடிகர் ஒருவரும் போதும்.

மாணவி நெடுநேரம் பேசாதிருந்தார். பின், “அந்தத் தெருவில் கடந்து போனவர்களுள் கோவிலுக்குப் போகிறவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா?” என்று கேட்டார். இருந்திருப்பார்கள் என்றோம். “அப்படியானால் ஒருவர் கையில் செபமாலை இருக்கட்டும். அவர் நிற்காமல் போகட்டும். கதவைப் பிறகு காட்டிக்கொள்கிறேன்” என்றார்.

அதை வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அவர் தம் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் முதற்கட்டத்தை வரையத் தொடங்கினார்.