மிகையும் மெய்ம்மையும்

உயர்வு நவிற்சி தமிழ் இலக்கியத்துக்குப் புதியதன்று. தண்டியலங்காரம் வகுத்துரைக்கும் 35 பொருளணிகளுள் அதிசயமும் ஒன்று. ஆயின், உலக நடையைக் கடவாது புகழ்தலைக் 'காந்தம்' என்னும் குணமாக வைதருப்ப நெறியார் போற்றினர் என்பதும், கௌட நெறியார் அவ்வெல்லையைக் கடந்த புகழ்ச்சியையே விரும்பினர் என்பதும் அவ்வணிநூன் மரபிலேயே உள்ளன. எவ்வளவு மிகைப்படுத்தலாம் என்பது நம் முன்னோரையும் உறுத்திய வினாவாகும்.

கலிங்கத்துப்பரணியிலே பேய்கள் போர்க்களத்திற் கூழடுகின்றன. அதனைப் படித்து ஏமாந்தவர் எவருமிலர். வீட்டிலே தாய் 'ஆயிரம் தரம் சொல்லிவிட்டேன்' என்கிறாள். எந்தப் பிள்ளையும் எண்ணிப் பார்ப்பதில்லை. இத்தகைய மிகை, தன்னை மிகையென அறிவித்துக்கொண்டே வருகின்றது. ஆகையால் அது தீங்கற்றது. தீங்கு பயப்பது மெல்லிய மிகையே. 'சிலர்' என்னுமிடத்துப் 'பலர்' என்றும், 'சிலவேளை' என்னுமிடத்து 'எப்பொழுதும்' என்றும் எழுதும்போது, மிகையானது மெய்யின் உடையை அணிந்துகொள்கின்றது.

மாலை மரியாதைகளிலும் வரவேற்புப் பத்திரங்களிலும் மலியும் மிகையை நாம் எள்ளி நகையாடுகின்றோம். நம் பக்கத்து மிகையை மட்டும் 'உணர்ச்சி' எனப் பெயரிட்டு மன்னிக்கின்றோம். என் வகுப்பு மாணவி ஒருத்தி மலையகத் தொழிலாளரைப் பற்றிய கட்டுரையில், 'பகலெல்லாம் உழைத்தும் அவர்கள் கையிற் கிடைப்பது ஒன்றுமில்லை' என எழுதினாள். மாணவன் ஒருவன் எழுந்து, 2021ஆம் ஆண்டில் நாட்கூலி 1,000 ரூபா என வர்த்தமானியில் விதிக்கப்பட்டதை எடுத்துக் காட்டினான். அந்த ஓர் எண் கட்டுரை முழுவதையும் வீழ்த்திவிட்டது. அவளுடைய சினம் நியாயமானதே. சான்றுதான் அவளைக் கைவிட்டது. குறித்த எடைக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்' என்று பாதிக் கூலி போடப்படுவதை அவள் எழுதியிருந்தால், அந்த 1,000 ரூபாவே அவள் பக்கத்துச் சாட்சியாகியிருக்கும். எழுதப்பட்ட கூலிக்கும் கைக்கு எட்டும் கூலிக்குமுள்ள இடைவெளியன்றோ அங்கு சொல்லப்படவேண்டிய செய்தி!

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனது படைக்கலங்கள் மாலை சூடி, நெய் பூசப்பட்டு, காவல் மனையில் இருப்பதையும், தம் தலைவனுடையவை நுனி முரிந்து கொல்லன் உலைக்களத்திற் கிடப்பதையும் புறநானூற்றிலே கூறுகின்றார். கண்டதற்கு மேல் அவர் ஒன்றும் கூட்டவில்லை. போரறியாதவன் யார், போரிற் பழகியவன் யார் என்பதைக் கேட்போரே உணர்ந்துகொள்கின்றனர்.

ஒடுக்கப்பட்டோரைப் பற்றி எழுதுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். ஆளும் தரப்பாரின் மிகைக்கு அதிகாரம் துணைநிற்கும். நம் எழுத்துக்கு உண்மையன்றி வேறு துணையில்லை. அதிலே ஒரு பிடி கலப்படம் செய்தாலும், அதன் விலையைக் கொடுப்பவர் எழுதியவரல்லர். எவர் பொருட்டு எழுதப்பட்டதோ அவரே.