பதக்கம் அணிந்த மார்பும் குற்றக் கூண்டும்

போரில் வீரம் காட்டியவன் பின்னாளில் கொலைக்குற்றவாளியாக நிற்கும்போது அவனை எந்தக் கண்கொண்டு பார்ப்பது? இவ்வினாவை இந்தித் திரையுலகம் பலமுறை எழுப்பியுள்ளது. அவற்றுள் குல்ஸார் இயக்கி 1973-இல் வெளிவந்த ‘அச்சானக்’ என்னும் படத்தையும், 2016-இல் வெளிவந்த ‘ருஸ்தம்’ படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க விழைகிறோம். இரண்டிற்கும் பின்னே நிற்பது கடற்படை அதிகாரி கவாஸ் நானாவதியின் வழக்கு.

அவ்வழக்கின் செய்திகளை முதலில் நினைவுகூர்வோம். ‘மைசூர்’ போர்க்கப்பலின் இரண்டாம் நிலைத் தலைமை அதிகாரி நானாவதி. 1959 ஏப்ரல் 27 அன்று, பிரேம் அகுஜா என்பவரோடு தனக்கிருந்த உறவை மனைவி சில்வியா அவரிடம் ஒப்புக்கொண்டார். நானாவதி மனைவியையும் பிள்ளைகளையும் திரையரங்கில் இறக்கிவிட்டார். கப்பலுக்குச் சென்று, பொய்க் காரணம் கூறிக் கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் பெற்றார். அகுஜாவின் அலுவலகத்தில் தேடினார். பின் வீட்டிற்குச் சென்று சுட்டார். தாமே காவல்துறையிடம் சரணடைந்தார். ஜூரிகளில் எட்டுப் பேர் அவரைக் குற்றமற்றவர் என்றனர், ஒருவர் மறுத்தார். அமர்வு நீதிபதி அம்முடிவை ஏற்காது உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1960-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1961 நவம்பர் 24 அன்று உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. வீட்டைவிட்டுப் புறப்பட்டதற்கும் சுட்டதற்கும் இடையே ஏறத்தாழ மூன்று மணி நேரம் இருந்தது. மனம் தன்னிலைக்கு மீள அது போதும் என்றது நீதிமன்றம். (இவ்வழக்கோடு ஜூரி முறையே மறைந்தது என்பர். அது மிகை. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமே அதற்கு இடமில்லாமற் செய்தது.)

இந்த மூன்று மணி நேரமே நமக்கு முக்கியமாகப் படுகிறது. சீருடையும் பட்டயங்களும் அந்நேரத்தில் அவரைத் தடுக்கவில்லை. ஆயுதம் பெறுவதற்கான வழியை மட்டுமே எளிதாக்கின. ஆயினும் ‘பிளிட்ஸ்’ வார இதழ் அவர் பக்கம் நின்று பரப்புரை செய்தது, மக்கள் திரண்டனர், சீருடை அவருக்காக வாதாடியது.

‘ருஸ்தம்’ அந்தக் கூட்டத்தின் கரவொலியை மீண்டும் எழுப்பும் படம். கொல்லப்பட்டவன் பாதுகாப்புத் துறை ஊழலில் தொடர்புடையவன் என்று கதை புனையப்பட்டு, மனக்கொதிப்பில் நிகழ்ந்த கொலை தேசப்பற்றாக உருமாற்றப்படுகிறது. இதனை நாம் கதையாசிரியரின் கோழைத்தனம் என்றே சொல்வோம். குற்றம் செய்த வீரனை நேராகப் பார்க்க அஞ்சி, குற்றத்தையே மாற்றிவிட்டனர். நாயகனாக நடித்த அக்ஷய் குமாருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதும் கிட்டியது.

‘அச்சானக்’ வேறு வகை. கதை குவாஜா அகமது அப்பாஸ் எழுதியது. பாடல்களே இல்லை. வினோத் கன்னா ஏற்ற மேஜர் ரஞ்சித், போரில் சிறப்புப் பெற்ற தரைப்படை அதிகாரி. துரோகம் செய்த மனைவியையும் நண்பனையும் கொன்று, தூக்குத் தண்டனை பெறுகிறான். மனைவியின் தாலியைக் கங்கையில் சேர்க்க வேண்டித் தப்பியோடுகையில் சுடப்பட்டு மருத்துவமனைக்கு வருகிறான். மருத்துவர் இரவும் பகலும் பாடுபட்டு உயிரை மீட்கிறார். எதற்கு? தூக்குமேடைக்கு அனுப்ப!

இங்கேதான் படம் உயர்ந்து நிற்கிறது. குற்றத்தை அது மறைப்பதில்லை. இறந்தவர்களைக் கயவர்களாக்கி நாயகனைக் கழுவவும் இல்லை. அதே வேளையில், உயிரைக் காக்கும் கைகளையும் உயிரைப் பறிக்கும் கயிற்றையும் எதிரெதிரே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. சாவுத் தண்டனையை எதிர்த்து எத்தனையோ சொற்பொழிவுகள் கேட்டிருக்கிறோம். ஓம் சிவ்புரி ஏற்ற மருத்துவரின் தவிப்பு அவற்றைவிட ஆழமாகத் தைக்கிறது. மும்பை நீதிமன்றங்களுக்கு வெகு தொலைவில் கல்லாவியில் இருந்து பார்க்கும் நமக்கும், ஊர்ப் பெட்டிக்கடையில் செய்தித்தாளை விரித்து “இவனைத் தூக்கில் போடவேண்டும்” என்று ஒரே மூச்சில் தீர்ப்புரைப்போர் நினைவுக்கு வரவே செய்கின்றனர்.

குறையும் உண்டு. கொல்லப்படும் மனைவி புஷ்பாவின் உள்ளம் நமக்குத் திறக்கப்படுவதேயில்லை. கணவன் போர்முனையில் இருந்த நாள்களில் அவள் எதைச் சுமந்தாள், எங்கே சறுக்கினாள் என்று கேட்கப் படத்திற்கு நேரமில்லை. தாலி பேசுகிறது, அவள் பேசவில்லை. வீரனின் துயரத்தை இவ்வளவு நுட்பமாக உணர்ந்த கலைஞர் இதனைத் தவறவிட்டது வருத்தத்திற்குரியது.

‘ருஸ்தம்’ படத்திலோ இறந்தவனின் தங்கை, புகையூதிச் சூழ்ச்சி செய்யும் பெண்ணாகக் காட்டப்படுகிறாள். உண்மையில் அகுஜாவின் சகோதரி மேமி செய்தது வேறு. 1964-இல் ஆளுநர் விஜயலட்சுமி பண்டிட் நானாவதிக்கு மன்னிப்பு வழங்குவதற்கு முன், அதில் தமக்கு மறுப்பில்லை என்று அவர் எழுதிக் கொடுத்தார். நானாவதி குடும்பத்தோடு கனடா சென்று, 2003-இல் அங்கேயே இறந்தார். மேமி எழுதித் தந்த அந்தத் தாளுக்கு, பின்னர் வந்த ‘அச்சானக்’கும் இடம் தரவில்லை, ‘ருஸ்த’மும் தரவில்லை.