வில்லனின் குகையா கொல்லிமலை?

தமிழ்க் குடும்பங்களுக்குச் சரித்திரத்தின் மேல் ஆசை வந்ததே தொடர்கதைகளால்தான். 1941இல் தொடங்கிய ‘கல்கி’ இதழில் எழுத்தாளர் கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ வந்தது. பின்னர் ‘சிவகாமியின் சபதம்’, 1950 முதல் ‘பொன்னியின் செல்வன்’. ஒருவர் உரக்கப் படிக்க, பாட்டி முதல் பேரன் வரை சுற்றி உட்கார்ந்து கேட்ட வீடுகள் ஏராளம். கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த தொகுப்புகள் இன்றும் பல வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. பல்லவனும் சோழனும் வீட்டுப் பேச்சில் கலந்தது அப்படித்தான். இதை யார் குறைத்துப் பேசினாலும் நான் ஒப்ப மாட்டேன்.

ஆனால் சேந்தமங்கலத்தில் இருந்துகொண்டு அந்தக் கதைகளைப் படிக்கும்போது ஒரு குறை உறுத்துகிறது. கிழக்கே கண்ணுக்கு எதிரே கொல்லிமலை. ‘பார்த்திபன் கனவி’ல் அது வருகிறது, ஆனால் எப்படி வருகிறது? நரபலி கேட்கும் ஒற்றைக்கைக் கபால பைரவரின் மறைவிடமாக, கடத்தப்பட்ட சோழ ராணியின் சிறையாக. மர்மத்துக்கு மலை வேண்டும், மலையில் குகை வேண்டும். கதை சூடு பிடிக்கிறது. அந்த மலையில் உழுது விதைத்து வாழ்பவர்களுக்கு மட்டும் அதில் இடமில்லை. ராஜாஜியின் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் தங்கி ‘விமோசனம்’ இதழில் உழைத்தவர் கல்கி. இந்தச் சீமை அவருக்குப் புதிதல்ல. இருந்தும் அவர் நெஞ்சு காவிரிக் கரையிலும் காஞ்சியிலுமே நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்களும் பெரும்பாலும் தலைநகரங்களைத் தாண்டவில்லை.

கதையா இங்கே இல்லை? வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி என்று துளைத்துப் போய்ப் புற்றிலிருந்த உடும்பில் தைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார். அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த காட்சி. வேட்டையாடியவன் யாரென்று தெரியாமலே பாணர்கள் ஓரியின் பெயரைச் சொல்லிப் பாட, தன் பெயரைத் தானே கேட்டு அவன் நாணுகிறான். மான்கறியும் பொன்னும் கொடுத்து அனுப்புகிறான். பிறகு மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். வீரம், வெட்கம், வீழ்ச்சி மூன்றும் இருக்கின்றன. ஆடிப் பதினெட்டில் செம்மேட்டில் ஓரி விழா நடக்கிறது. வீட்டில் உரக்கப் படிக்க நல்ல ஓரி நாவல் மட்டும் கைக்குக் கிடைப்பதில்லை.

இன்னொரு சிக்கல் நம்பகத்தன்மை. ‘பொன்னியின் செல்வனி’ல் வரும் வந்தியத்தேவன் உண்மையில் வாழ்ந்தவன். சோழ இளவரசி குந்தவையின் கணவன் என்று கல்வெட்டு சொல்கிறது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புடைய ரவிதாசனின் பெயர் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. அதே கதையின் நந்தினி முழுக்கக் கற்பனை. 2022இல் படம் வந்த பிறகு நந்தினியையும் சரித்திரமாகவே பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அந்தக் குழப்பமே கல்கியின் கலைக்கு வெற்றி, வாசகனின் அறிவுக்கு நஷ்டம்.

சாண்டில்யனின் ‘யவன ராணி’யை எடுத்துக்கொள்ளுங்கள். சங்க காலச் சோழன் கரிகாலன் காலத்துப் புகாரையும் கடல் கடந்து வந்த யவனர்களையும் வைத்து அவர் பின்னிய போர்த்தந்திரங்கள் இன்றும் மூச்சு வாங்க வைக்கும். ஆனால் பெண்ணுடலை வருணிக்கும் பக்கங்கள் வந்ததும் பிள்ளைகள் முன்னால் படிப்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது குடும்பத்தோடு படிக்கும் நூல் அல்ல.

அந்த யவனத் தொடர்புக்குச் சான்றுகள் எகிப்தில் கிடக்கின்றன. செங்கடல் துறைமுகமான குசேர் அல் காதிமில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் தமிழ் பிராமியில் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. அதே கடலின் இன்னொரு துறைமுகமான பெரெனிகேயின் கோயிலில் ஒரு இந்தியச் சாடியில் சுமார் 7.5 கிலோ மிளகு அப்படியே இருந்தது. கண்ணன் யார், எதற்குக் கடல் தாண்டினான், திரும்பினானா? பத்து வயதுப் பிள்ளையும் பாட்டியும் சேர்ந்து கேட்கக்கூடிய கதை அது. கொல்லிமலையில் இன்றைக்கும் மிளகு விளைகிறது. அன்று சேரத் துறைமுகமான முசிறியில் கப்பலேறிய மிளகில் இந்த மலையின் பங்கு உண்டு என்பதற்குச் சான்று இல்லை. நாவலாசிரியர் தாராளமாகக் கற்பனை செய்யலாம். நூலின் கடைசியில் இரண்டு பக்கம் ஒதுக்கி, எது கல்வெட்டு, எது பாட்டு, எது தன் கற்பனை என்று சொல்லிவிட்டால் போதும்.

கல்கியின் எழுத்து நாட்டுடைமையாகி மலிவுப் பதிப்பில் கிடைக்கிறது. அதைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள், கூடவே உட்கார்ந்து படியுங்கள். சேலம், நாமக்கல் பக்கத்து எழுத்தாளர்களே, ஓரியை எழுதுங்கள். எழுதுமுன் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப் போய் அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினரிடம் பேசுங்கள். அவர்கள் பெயரோடும் தொழிலோடும் உங்கள் கதைக்குள் வரட்டும்.