மறை ஆவணங்களும் தவணை வெளியீடும்

மறைத்து வைத்த அரசாங்க ஆவணம் வெளிவருமாயின், அதிலுள்ள செய்தியே மக்களை ஈர்க்கிறது என நாம் எண்ணுகிறோம். அஃது எவ்வரிசையில், எவ்வளவு இடைவெளி விட்டு வெளிவருகிறது என்பதும் மக்கள் மனத்தை ஆட்கொள்கிறது. இதனை இரண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்வோம்.

வியட்நாம் போர் குறித்து அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சு தொகுத்த இரகசிய வரலாறு ஏறக்குறைய 7,000 பக்கம் கொண்டது. டேனியல் எல்ஸ்பர்க் தந்த படிகளைக் கொண்டு, 'நியூயார்க் டைம்ஸ்' 1971 ஜூன் 13ஆம் நாள் அதனைத் தொடராக வெளியிடத் தொடங்கிற்று. அன்று அதே முதற்பக்கத்தில் அதிபர் நிக்சன் மகளின் திருமணப் படமும் இருந்தது. மூன்று பகுதிகள் வந்ததும் அரசாங்கம் நீதிமன்றத் தடை பெற்றது. 18ஆம் நாள் 'வாஷிங்டன் போஸ்ட்' அப்பணியைத் தொடர்ந்தது. 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அறுவர்க்கு மூவர் என்ற கணக்கில் பத்திரிகைகளின் பக்கம் தீர்ப்பளித்தது. பலர் புரட்டியும் பார்த்திராத பெருநூலை நாடறியச் செய்தவற்றுள் அந்தத் தடைக்கும் பெரும் பங்குண்டு.

2010 நவம்பர் 28இல் விக்கிலீக்ஸ் 251,287 தூதரகத் தந்திகளைச் சிறிது சிறிதாக வெளியிடத் தொடங்கியது. ஐந்து பெரும் பத்திரிகைகள் துணைநின்றன. இம்முறையால், செய்தியைச் சரிபார்க்கவும், ஆபத்துக்குள்ளாகக்கூடியோர் பெயர்களை மறைக்கவும் காலம் கிடைத்தது. ஆயினும் குறையும் உண்டு. ஐக்கிய நாட்டுச் சபைத் தலைவர்களைப் பற்றிய அந்தரங்க விவரங்களைத் திரட்டுமாறு தூதர்களுக்கு இட்ட கட்டளையும், உலகத் தலைவர்களைத் தூதர்கள் எள்ளி எழுதிய குறிப்புகளும் ஒருங்கே வெளிவந்தன. முன்னது ஆட்சிமுறையைப் பற்றியது. பின்னது வெறும் வம்பு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால், வாசகர் நாவில் எது தங்கும்?

2011 செப்டம்பர் 2இல் தந்திகள் யாவும் பெயர் மறைக்காமல் வெளியிடப்பட்டன. மூலக்கோப்பும் அதன் திறவுச்சொல்லும் முன்னரே வெளிப்பட்டுவிட்டமை உண்மையே. ஆயினும் அவ்வைந்து பத்திரிகைகளும் அச்செயலைக் கண்டித்தன. தூதர்களை நம்பித் தகவல் சொன்ன எளியோரின் பாதுகாப்பு அதனால் கேள்விக்குறியாயிற்று. அத்தனை தந்திகளையும் ஒருங்கே படிக்க எவரால் இயலும்?

ஆகவே தவணை முறையைத் தந்திரமென்று தள்ளுதல் தகாது. சரிபார்க்கவும் காக்கவும் அது பயன்படுமாயின் வேண்டத்தக்கதே. பரபரப்பை நீட்டிக்க மட்டும் பயன்படுமாயின் அது வணிகம். இன்று வந்த பகுதியைப் படிக்கும் வாசகர், இவ்வரிசையை வகுத்தவர் யார், நேற்று வந்த பகுதிக்கு அரசாங்கம் விடையளித்ததா என்ற இரு வினாக்களையும் எழுப்புதல் வேண்டும்.