பொம்மைக்கு முன்னால் தயாராவது

நீலகிரியில் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். சிமுலேஷன் வகுப்புக்கு முந்தைய நாள் ஒவ்வொருத்தி கையிலும் ஒரு தாள் கொடுப்போம். அதில் நோயாளியைப் பற்றி நான்கு வரி இருக்கும்: 28 வயதுப் பெண். இரண்டாவது பிரசவம். குழந்தை பிறந்து 30 நிமிடம். இரத்தப்போக்கு அதிகம். மறுநாள் மாணவி டம்மியின் அடிவயிற்றில் கை வைத்துக் கருப்பையைத் தேய்த்துவிட வேண்டும், உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும், ஆக்ஸிடோசின் 10 யூனிட் ஊசி போட வேண்டும். நான் பக்கத்தில் நின்று பட்டியலில் டிக் அடிப்பேன்.

பல ஆண்டுகள் கொடுத்துவந்த அந்தத் தாளை ஒரு பிரதியாக நான் வாசித்ததே இல்லை. வாசிக்க வைத்தவள் ஒரு மாணவி. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவள். எல்லாப் படிகளையும் சரியாகச் செய்தாள். ஆனால் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை படுக்கையில் இருந்த 'பெண்'ணிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் என்று கேட்டேன். "அவங்க யாருன்னு தாள்ல இல்லையே மேடம்" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. நாங்கள் தயார்செய்தது கைகளை மட்டும்தான்.

செவிலியர் பயிற்சிப் பொம்மைகளின் வரலாற்றைப் பார்த்தால் இந்த மௌனம் புதிதல்ல. 1911இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனைச் செவிலியர் பள்ளிக்காக மார்த்தா சேஸின் பொம்மை நிறுவனம் ஆளுயரப் பொம்மை ஒன்றைச் செய்துகொடுத்தது. 'மிஸஸ் சேஸ்' என்று அழைக்கப்பட்ட அவள் புரட்டினால் புரள்வாள், உடை மாற்றினால் மறுக்கமாட்டாள். 1960இல் நார்வேயின் லேர்டால் நிறுவனம் கொண்டுவந்த 'ரெசஸி ஆன்' பொம்மைக்கு, பாரிசில் சேன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் ஓர் இளம்பெண்ணின் முகவார்ப்பு மாதிரியானது. அந்தப் பெண்ணின் பெயர் யாருக்கும் தெரியாது. முகம் பெண்ணுடையது, நெஞ்சோ தட்டையானது. 2024இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், நெஞ்சை அழுத்தி உயிர்மீட்கும் பயிற்சிக்காக விற்கப்படும் 20 வகைப் பொம்மைகளைப் பரிசீலித்தார்கள். மார்பகம் உள்ளது ஒன்றே ஒன்று. பொது இடத்தில் மயங்கி விழும் பெண்ணின் நெஞ்சில் கைவைக்க மனிதர்கள் தயங்குகிறார்கள் என்பதை 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது: அந்த உதவி ஆண்களில் 45 சதவீதத்தினருக்குக் கிடைத்தது, பெண்களில் 39 சதவீதத்தினருக்கு. பெண்ணுடல் பயிற்சியிலேயே இல்லாதபோது தயக்கம் எங்கே உடையும்?

இதனால் பொம்மை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொம்மை இல்லாத காலத்தில் நாங்கள் யார் உடலில் பழகினோம்? இலவச வார்டில் படுத்திருந்த பெண்களின் உடலில். நான் முதன்முதலில் சிறுநீர்க் குழாய் போட்டது ஒரு கூலித் தொழிலாளிக்கு. சுற்றி நாலைந்து பேர் நின்றோம். அவர் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். அனுமதி கேட்டதாக எனக்கு நினைவில்லை. முதல் தவறை ஏழைப் பெண்ணின் உடலில் செய்யாமலிருக்க வழிவிடுகிறது என்பதற்காகவே சிமுலேஷனை நான் ஆதரிக்கிறேன். என் விமர்சனம் பொம்மைக்கு முன்னால் மாணவியைக் கொண்டுபோய் நிறுத்தும் விதத்தைப் பற்றியது.

2014இல் அமெரிக்காவில் 10 நர்சிங் கல்வி நிறுவனங்களில் நடந்த பெரிய ஆய்வு, மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதிவரை சிமுலேஷனால் ஈடுசெய்யலாம் என்று கண்டது. ஆனால் அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள், முடிந்தபின் உட்கார்ந்து பேச நேரம் இருந்தது. 2021இல் வந்த சர்வதேச சிமுலேஷன் நெறிகள், முன்தயாரிப்பைத் தனி நெறியாகவே வைத்தன. நோக்கம் என்ன, கருவி எப்படி வேலைசெய்யும், உன் பங்கு என்ன, தவறினால் அவமானப்படுத்தமாட்டோம் - இவற்றை முதலிலேயே சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டு அரசிதழில் வந்த இந்திய நர்சிங் கவுன்சிலின் புதிய பி.எஸ்சி. பாடத்திட்டமும் சிமுலேஷனையும் ஸ்கில் லேப் நேரத்தையும் உள்ளே கொண்டுவந்தது.

நம்மிடம் 'தயாரா?' என்றால் 'மனப்பாடமா?' என்றுதான் பொருள். முடிந்தபின் நடக்கும் பேச்சு பல நேரம் திட்டாக முடிகிறது. கொண்டை கலைந்ததும் குரல் நடுங்கியதும் அங்கே குற்றங்கள். வீட்டிலும் விடுதியிலும் அடங்கிப்போகச் சொல்லி வளர்த்த பெண்ணைப் பொம்மைக்கு முன்னாலும் பயமுறுத்துகிறோம். பிறகு நள்ளிரவில், "டாக்டர், இப்பவே வாங்க, காத்திருக்க முடியாது" என்று அவள் உறுதியாகச் சொல்வாள் என எதிர்பார்க்கிறோம். பட்டியலில் 'மருத்துவருக்குத் தெரிவித்தாள்' என்று ஒரு வரி இருக்கிறது. அவர் வராவிட்டால் என்ன செய்வாள் என்பதற்கு வரி இல்லை.

அந்த நான்கு வரித் தாளில் இந்த மலையும் இல்லை. பிரசவத்தில் 500 மில்லிக்கு மேல் போனால் அதிகப்படியான இரத்தப்போக்கு என்று படிக்கிறோம். இரத்தசோகையோடு பிரசவத்துக்கு வரும் பெண் அதற்கும் குறைவான இழப்பிலேயே சரிந்துவிடலாம். பொம்மையின் வெளிர்தோலில் வெளுப்பைக் கண்டுபிடிக்கப் பழக முடியாது. நம் பெண்களுக்குக் கீழ்இமையைத் தாழ்த்தியும் உள்ளங்கையை விரித்தும் பார்க்க வேண்டும். கூடலூரிலிருந்து ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை. எப்போது அனுப்புவது, வண்டியில் யார் கருப்பையை அழுத்திக்கொண்டு போவது என்பவை இங்கே சிகிச்சையின் பகுதி. பணியர், காட்டுநாயக்கர் பெண்ணிடம் எந்த மொழியில் பேசுவது என்பதும் அப்படித்தான். 1990இல் கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனையைத் தொடங்கிய 'அஸ்வினி' அமைப்பு, ஆதிவாசிப் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்தது. அவர்களுக்கு நோயாளி யார் என்று தாளில் எழுதித்தர வேண்டியிருக்கவில்லை.

இப்போது நாங்கள் 'மாமா நாட்டலி'யைப் பயன்படுத்துகிறோம். வயிற்றில் கட்டிக்கொள்ளும் பிரசவக் கருவி அது. கட்டிக்கொண்டவர் உள்ளிருந்தபடியே இரத்தப்போக்கைக் கூட்டலாம், குறைக்கலாம். தாயாக இருப்பது உயிருள்ள ஒருத்தி, ஆகவே பேசுவாள். முந்தைய நாள் அந்தத் தாய் யார் என்பதை மாணவிகளே எழுத வேண்டும் என்று மாற்றினேன். என் மாணவி எழுதிய தாய், கொழுந்து பறிப்பவள். எட்டாம் மாதம்வரை எடை போட்டவள். மூத்த பிள்ளையைப் பக்கத்து லைனில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

கருவியை அவளே கட்டிக்கொண்டு படுத்தாள். தோழிகள் ஓடிவந்து வயிற்றை அழுத்தினார்கள். "சிஸ்டர், என்ன பண்றீங்க? வலிக்குது" என்று கத்தினாள். ஒருத்திக்கும் பதில் வரவில்லை. பிறகு உட்கார்ந்து பேசியபோது அவள் சொன்னாள்: "யாராவது என்னன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே அழுத்திப் பிடிச்சிருப்பேன்."

மறுமுறை ஒருத்தி குனிந்து, "அம்மா, ரத்தம் நிக்கறதுக்காகத் தேய்க்கிறேன், வலிக்கும், என் கையைப் புடிச்சுக்கோங்க" என்றாள். அதைச் சொல்ல ஐந்து விநாடிகூட ஆகவில்லை. ஊசி தாமதமாகவில்லை.

அறுபது பேருக்கு இரண்டு ஆசிரியர்கள் என்றால் இதற்கெல்லாம் நேரமேது என்று சக ஆசிரியைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதை மாணவிகளின் தலையில் இறக்காமல், பொம்மை வாங்கப் பணம் ஒதுக்கி ஆசிரியர் பணியிடத்தைக் காலியாக விடும் நிர்வாகங்களிடம் கேட்க வேண்டும்.

எங்கள் தாளில் இப்போது பதினொரு வரிகள். கடைசி வரி மாணவி நிரப்ப வேண்டியது: இவரிடம் முதலில் என்ன சொல்வாய்? பரீட்சைப் பட்டியலில் அதற்கு இன்னும் மதிப்பெண் இல்லை.